நாப்பத்திரெண்டு

கூட்ஸ் வண்டியின் பெட்டிகளைக் கடைசிவரை எண்ணி முடித்த பெருமை எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. புதுக்கோட்டை திருவப்பூர் கேட்டில் பைக்கை அணைத்துவிட்டு எண்ணத் தொடங்குவேன். முப்பதைத் தாண்டும்போது பின்னால் யாராவது ஹாரன் அடிப்பார்கள். முறைத்துவிட்டுத் திரும்பினால் கார்டு பெட்டி போய்க்கொண்டிருக்கும். பின்சீட்டிலிருந்து மகள், “நாப்பத்திரெண்டுப்பா” என்பாள். “எனக்கும் அதான் வந்துச்சு” என்பேன்.

இந்த லட்சணத்தில், பாம்பன் பாலத்தில் கூட்ஸ் போவதைப் பார்க்க வேண்டுமென்று ஓர் ஆசை. 1914-இல் திறந்த பாலம். தனுஷ்கோடியை 1964 புயல் கொண்டுபோவதற்கு முன், தலைமன்னார் கப்பலைப் பிடிக்க அதன்மேல்தான் போனார்கள்.

முதல் முறை ராமேஸ்வரம் போகும் போட் மெயில் ரயிலில் ஏறினேன். நம்மூருக்கு அது நடுராத்திரி தாண்டித்தான் வரும். பக்கத்துப் பெரியவரிடம், “மண்டபம் வந்தா எழுப்புங்கய்யா” என்று சொல்லி வைத்தேன். எழுப்பினார், பாலம் தாண்டி ராமேஸ்வரத்தில். “அசந்து தூங்குனீங்க தம்பி, மனசு வரல.”

அடுத்த முறை சாலைப் பாலத்தில் நின்றேன். நல்ல காற்று. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு அப்போது சிக்னல் விழாது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. ‘இப்போதைக்கு வராது’ என்று டீக்கடைக்குப் போனேன். திரும்பி ஓடி வந்தபோது கண்ணில் பட்டது கடைசிப் பெட்டியின் முதுகில் இருந்த மஞ்சள் பெருக்கல் குறி மட்டும். என் பழைய கணக்கு நோட்டில் வாத்தியார் போட்டதைவிடக் கொஞ்சம் பெரிசு. போனதும் பாசஞ்சர்தான். டீக்கடைக்காரர் ஆறுதலாகக் கேட்டார்: “கூட்ஸா? நான் பாத்தே பல வருசமாச்சே சார்!”

அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதியில் இரண்டு சிறகையும் அப்போதெல்லாம் ஆட்கள் சுற்றி நின்று நெம்புகோலைக் கையால் தள்ளித் திறப்பார்கள். அதையாவது பார்த்திருக்கலாம். அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளினேன். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறதாம். ‘போகிறதாம்’தான். இன்னும் போகவில்லை.

போன வாரம் திருவப்பூர் கேட்டில் கூட்ஸ். ஹாரன் இல்லை, சத்தம் இல்லை. இருபத்தாறு வரை ஒழுங்காக வந்தேன். பாம்பன் ஞாபகம் வந்தது. போயிற்று.

மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “நான் எண்ணலப்பா. எத்தனை?”

“நாப்பத்திரெண்டு.”