வீரன் உள்ளுணர்ச்சியும் வித்துவான் ஆராய்ச்சியும்

1986-ஆம் வருஷம் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்ற வீடியோ விளையாட்டில் அவதரித்து, அதன்பின் பாகத்துக்குப் பாகம் புது ஜன்மம் எடுத்துவரும் லிங்க் என்னும் வீரனைப் பற்றி, என் பேரன் விடுமுறைக்கு எம்.ரெட்டியபட்டிக்கு வந்து திரையும் கையுமாகத் திண்ணையைப் பிடித்துக்கொண்டிராவிட்டால், நான் இந்த ஜன்மத்தில் அறிந்திருக்க நியாயமில்லை.

லிங்க் பேசுவதில்லை, யோசிப்பதாகவும் தெரியவில்லை. குகை ஒன்று கண்ணில் பட்டால் நுழைகிறான். உள்ளே ஒரு கிழவர் ஊர், பேர், உத்தியோகம் எதுவும் விசாரிக்காமல் வாளை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். (எங்கள் ரேஷன் கடையில் விரல் ரேகை ஒத்துக்கொள்ளாமல் ஒரு கிலோ சர்க்கரை நகராது.) பிற்காலத்துப் பாகங்களிலோ, முன்பின் அறியாதவர் வீட்டில் சர்வ சுதந்திரமாகப் பிரவேசித்து, பானைகளைத் தூக்கியெறிந்து உடைத்து, உள்ளிருக்கும் காசைப் பொறுக்கிக்கொள்கிறான். இதே உள்ளுணர்ச்சியோடு அவன் சித்திரை வெயிலில் எங்கள் தெருவுக்கு வந்து, குழாயடியில் வரிசைக்குப் போட்டிருக்கும் ஒரு குடத்தின்மேல் கை வைப்பானாகில், அது பிளாஸ்டிக் குடமாதலால் உடையாது; உடைவது வேறாக இருக்கும்.

புதரை வெட்டினால் அவனுக்குக் காசு உதிர்கிறது. இதை நான் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் வேலிக்கருவையை வெட்டினாலும் காசு வரத்தான் செய்கிறது, முள் தைத்து, மூட்டம் போட்டு, மண் பூசி, புகைக்குக் காவலிருந்து, கரியாக்கி, லாரியில் ஏற்றிய பிற்பாடு. கோழி விஷயத்தில் மட்டும் அந்த விளையாட்டை இயற்றியவர்கள் லோகாநுபவம் உள்ளவர்கள் என்பேன்: கோழியை ஓயாமல் அடித்தால் அதன் உற்றார் உறவினர் அத்தனையும் திரண்டு வந்து வீரனைக் கொத்தித் துரத்துகின்றன. எங்கள் ஊரில் கோழிக்குப் பதிலாகக் கோழிக்காரி வருவாள்.

இப்பேர்ப்பட்ட உள்ளுணர்ச்சியெல்லாம் மனிதனை மோசம் செய்யும் என்று நிரூபிப்பதிலேயே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவர் டேனியல் கானமன் என்ற மனோதத்துவ மேதை. மனோதத்துவத்துக்கென்று நோபல் பரிசு கிடையாதாதலால், 2002-இல் பொருளாதாரத்துக்கு வைத்திருந்ததை அவருக்குக் கொடுத்தார்கள். இதற்கு நேர்மாறாக, தீயணைப்புக்காரர்களோடு பழகி அவர்களுடைய உள்ளுணர்ச்சியை வியந்தவர் கேரி கிளைன். ஒரு வீட்டுச் சமையலறைத் தீயை அணைத்துக்கொண்டிருந்த படைத்தலைவர், காரணம் தமக்கே விளங்காமல், எல்லோரும் வெளியே ஓடுங்கள் என்று கத்த, அவர்கள் வெளியேறியதும் தளம் இடிந்து விழுந்த சம்பவத்தைப் பதிவு செய்தவர் அவர்தாம். நெருப்பு கீழே நிலவறையில் இருந்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் குறைந்ததையும் காது தகித்ததையும் தலைவரின் புத்திக்கு முன்னதாக அவருடைய அநுபவம் கவனித்துவிட்டது. இவ்விரு வித்துவான்களும், நம் பக்கத்து வழக்கப்படி ஆயுள் பரியந்தம் மேடை போட்டுத் திட்டிக்கொள்வதை விட்டுவிட்டு, சேர்ந்து உட்கார்ந்து வாதித்து, 2009-இல் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டார்கள். உலகம் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாயிருந்து, செய்ததன் பலன் சுருக்கத் தெரிந்து, பலகாலம் பழகவும் வாய்த்தால் உள்ளுணர்ச்சியை நம்பலாம். இல்லாவிட்டால் ஆகாது என்பது அதன் சாராம்சம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் லிங்கைக் குறை சொல்வதற்கில்லை. அவன் உலகத்தில் பானை என்றும் பானைதான்; பூதம் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது; செத்தாலும் மறுபடி எழுந்து அதே வாசலில் நிற்கலாம். உண்மையில் அந்த உள்ளுணர்ச்சி லிங்குடையதே அல்ல. எண்ணற்ற மரணங்களைக் கொடுத்து என் பேரனின் கட்டைவிரல் வாங்கிய சொத்து. எங்கள் பக்கத்தில் அதற்கு ஈடு சொல்லத்தக்கவர் ஆட்டுக்கிடை போடும் கீதாரி ஒருவரே. அரைத்தூக்கத்திலும் மணிச்சத்தத்தில் ஒன்று குறைந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்; என்ன கேட்டது என்று விசாரித்தால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

சம்சாரியின் நிலைமைதான் பரிதாபம். புரட்டாசிப் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு ஐப்பசி மழையை எதிர்பார்க்கும் கரிசல்காட்டு மனிதருக்கு வருஷத்துக்கு ஒரே பரீட்சை. அதிலும் ஒரு வருஷத்துக் கேள்வி மறுவருஷம் வருவதில்லை. நாற்பது வருஷம் விவசாயம் செய்தவருக்கு நாற்பதே அநுபவம். என் பேரன் அத்தனை தடவை காலைப் பலகாரத்துக்குள் செத்துப் பிழைத்துவிடுகிறான். ஆகையால், மேகத்தைப் பார்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்த வருஷம் கண்மாய் பெருகும் என்று சத்தியம் செய்கிறவர்களை நான் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேனேயன்றி, அவர்கள் வாக்கை நம்பிக் கடன் வாங்கமாட்டேன்.

கானமனும் உள்ளுணர்ச்சியை அடியோடு தள்ளிவிடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். இருபத்தோரு வயதில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தபோது, ஆறு குணங்களைத் தனித்தனியே விசாரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார். தங்களை இயந்திரமாக்குகிறார் என்று விசாரணைக்காரர்கள் முறையிடவே, எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடி, அந்தப் பையனைச் சிப்பாயாகப் பாவித்து, தோன்றும் எண்ணைப் போடுங்கள் என்று சமாதானம் சொன்னார். ஆறு மதிப்பெண்களும் பழைய முறையைவிட மேலாகப் பலித்தன. கண்ணை மூடிப் போட்ட எண்ணும் அவற்றுக்குக் குறையாமல் பலித்தது. மாப்பிள்ளை பார்க்கப் போகிற பெரியோர்கள் இம்முறையைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம். கண்ணை மூடும் பகுதியை மட்டும், கேசரி சாப்பிடும்போது செய்யாமல், வீடு திரும்பியபிறகு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.