துடுப்பும் ஹெட்போனும்

கர்நாடக சங்கீதம் கேட்க நல்ல ஹெட்போன் எது? விலை கூடினால்தான் சுருதி சேருமோ?
– வாசகர், அமிர்தகழி

மட்டக்களப்பாருக்கா இந்தச் சந்தேகம்! நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்டவர்கள் ஆயிற்றே. பற்றரி வேண்டாம், புளூடூத்தும் வேண்டாம்.

கடைக்குத்தான் போவதென்றால், பின்பக்கம் திறந்த வகையைக் கேட்டு வாங்கலாம். 1968ல் சென்ஹைசர் எச்டி 414 தொடக்கிவைத்த வழி அது. தம்புராவின் கார்வை அடைபடாது. வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என மேடை விரியும். ஒரே வில்லங்கம், உள்ளே பாடுவது வெளியேயும் கசியும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இலவசக் கச்சேரி! வெளிச்சத்தமும் தாராளமாக உள்ளே வரும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் களைகட்டும் நாட்களில் மூடிய வகைதான் கைகொடுக்கும்.

‘பாஸ்’ கூட்டிய சாமான் மட்டும் வேண்டவே வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பி பாடகரை விழுங்கிவிடும்.

விலையா? வழக்கொழிந்த யாழ்களின் சுருதியைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கணக்குப் போட்டே தேடிப் பிடித்தார். ‘யாழ் நூல்’ 1947ல் வெளிவந்தது. ஹெட்போனை விடுங்கள், அவர் ஆராயத் தொடங்கியபோது கேட்பதற்கு யாழே இல்லை!