சிவப்பு எதற்கு? கேள்வி-பதில்

கோவளம் சாலையில் உப்பளத்தைத் தாண்டும்போது வரப்போரச் செடிகள் சிவந்து கிடக்கின்றன. வெயிலில் கருகிவிட்டனவா? (வாசகி, தையூர்)

கருகவில்லை, தாக்குப்பிடிக்கின்றன. அது உமரி என்ற உப்புநிலச் செடி. செடியின் கணக்கில் உப்பளமும் பாலைதான். காலடியில் ஈரம் இருக்கும், ஆனால் உப்பு மிகுந்த அந்த நீரை வேர் எளிதில் உறிஞ்ச முடியாது. நீர் பற்றாவிட்டால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே கரியமில வாயு வருவது குறையும், வெயிலோ குறையாது. பச்சையம் வாங்கிய ஒளி செலவாக வழியில்லாமல், செல்லை அரிக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும்.

இங்கேதான் பீட்டாசயனின் என்ற சிவப்பு நிறமி கைகொடுக்கிறது. ஒளியில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறது, அந்த மூலக்கூறுகளையும் அடக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணின் உப்பு கரைந்து தணியும்போது முளைக்கிற உமரிக்குக் கோடையில்தான் சோதனை. சீனாவின் பாஞ்சின் கடலோரம் உமரியின் உறவுச் செடியால் சிவந்து, அதைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது. நம் உமரியையும் வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிடம் பாருங்கள். அதற்கு அந்தத் தகுதி உண்டு.

விதை போட்டு வளர்த்த அடீனியம் கன்றை மொட்டைமாடிக்கு மாற்றினேன். சில நாளில் சிவந்துவிட்டது. உரம் வைக்கட்டுமா? (வாசகர், நாவலூர்)

வேண்டாம், வெயிலுக்குப் பழக விடுங்கள். இளங்கன்றில் ஒளிச்சேர்க்கைக்கான ஏற்பாடு முழுதாக அமைந்திருக்காது. அதற்குள் உச்சி வெயிலில் வைத்தால் நிறமியைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளும். முதல் வாரம் காலை வெயில் போதும். புதுத்தளிர் சிவந்து பிறகு பச்சையானால் கவலையே இல்லை. முதிர்ந்த அடியிலைகள் செவ்வூதாவாக மாறி அப்படியே நின்றால் மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம். அப்போது உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பீட்ரூட்டின் சிவப்பும் மாந்தளிரின் சிவப்பும் ஒன்றா? (மாணவி, படூர்)

நல்ல கேள்வி. கண்ணுக்கு ஒன்று, வேதியியலில் வேறு. மாந்தளிரிலும் அடீனியத்திலும் இருப்பது ஆந்தோசயனின். பீட்ரூட், தண்டுக்கீரை, காகிதப்பூ, பத்துமணிப்பூ, உமரி, கள்ளி ஆகியவற்றில் இருப்பது பீட்டாலைன் வகை. அதன் மூலக்கூறில் நைட்ரஜன் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்டாக்கும் செடி இயற்கையில் இதுவரை அகப்படவில்லை. வழி வேறானாலும் வெயிலை மட்டுப்படுத்தும் வேலையை இரண்டுமே செய்கின்றன. தாவர உலகில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

பூச்சியை விரட்டத்தான் தளிர் சிவக்கிறது என்கிறார்களே? (வாசகர், சேலையூர்)

அப்படியும் ஒரு கருத்து உண்டு. விவாதம் இன்னும் ஓயவில்லை. வெயில் காப்புக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது.

நர்சரியில் பச்சைத் தண்டின் மேல் செக்கச்செவேலென்று பந்து போன்ற கள்ளி விற்கிறார்கள். சாயம் பூசியதா? (வாசகி, மேடவாக்கம்)

அசல் நிறம்தான். கிம்னோகலிசியம் என்ற தென்னமெரிக்கக் கள்ளியில் பச்சையமே இல்லாமல் பிறந்த பிறழ்வு அது. பச்சையம் விலகியதால் அடியில் இருந்த பீட்டாலைன் பளிச்சென்று தெரிகிறது. தனியே விட்டால் முளைத்த சில நாளிலேயே பட்டினியில் செத்துவிடும். சிவப்பு காவல் காக்கும், சமைக்காது. 1940களில் ஜப்பானியர்கள் இதைப் பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார்கள். கீழே நீங்கள் பார்க்கும் மூன்று பட்டைத் தண்டு, பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் துண்டு. இரண்டுக்கும் சாப்பாடு போடுவது அதுதான். அது அழுகினால் மேலே இருப்பதும் போய்விடும். எனவே வாங்கும்போது சிவப்பைப் பார்க்காமல் தண்டைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வாங்கலாம். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.