தீப்பெட்டியும் யந்திர ரதமும்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுச் சற்று உள்ளே, டொலுவீனும் அசிட்டோனும் நிறைந்த டிரம்களை அடுக்கிய ஒரு கிடங்குக்கு நான் சென்றிருந்தபோது, வாயிற்காவலர் என் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியைப் பறிமுதல் செய்து, பெயர், விலாசம், வந்த நேரம் சகிதமாகப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்ட சிரத்தையைக் கண்டு பரவசமுற்றேன். அவர் எழுதி முடிப்பதற்குள், எவ்விதக் கேள்விக்கும் ஆளாகாமல், டீசல் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு ஃபோர்க்லிஃப்ட் உள்ளே சென்றது. அதன் இரும்புக் கொம்புகள் சிமெண்டுத் தரையில் உரசி உதிர்த்த பொறிகள், கார்த்திகைக்கு மாவலி சுற்றியதுபோல ரம்மியமாகவே இருந்தன.

டொலுவீன் ஏறத்தாழ 4 டிகிரியிலேயே பற்றத்தக்க ஆவியை விடுவது; அசிட்டோனோ பனிக்கட்டியின் குளிரிலும் அடங்காதது; இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமாதலால், மேலே போகாமல், அந்தக் கொம்புகள் உலவும் உயரத்திலேயே தரையோடு தரையாகத் தவழும். செங்கற்பட்டு ஜில்லாவின் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, வெடிக்கத்தக்க ஆவி உண்டாகும் இடத்தில் நெருப்புக்கு ஹேதுவாகக்கூடிய சகலத்தையும் விலக்கவோ அடைத்துவைக்கவோ சொன்னது. 'சகலம்' என்றால் தீப்பெட்டி என்பது நிர்வாகத்தின் வியாக்கியானம்.

பொறி வெளிவராதபடி அடைத்த மின்வண்டிகளும், கொம்புக்குப் பித்தளைக் கவசமும் உண்டே என்று மேலாளரிடம் விநயமாகக் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வெச்சுத்தான் சார் வண்டிய எடுத்தோம்" என்றார்.

திரும்பும்போது காவலர் தீப்பெட்டியைக் கொடுத்தார், குச்சிகளை எண்ணி.