ஜெரமையா ஸ்மித்தை யார் பிடிப்பது?

கொலம்பஸ் நகரத்தில் நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஆங்கிலத்தில் 25 எழுத்துகள்தான். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தின் பெயர்ப்பலகைகளில் எங்கெல்லாம் ‘எம்’ இருக்கிறதோ அங்கெல்லாம் குறுக்கே சிவப்பு நாடா ஒட்டிவிடுவார்கள். அந்த வாரம் அமெரிக்கக் கால்பந்தில் எங்களோடு மோதும் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் முதலெழுத்தாகப் பிறந்தது ஒன்றுதான் அது செய்த குற்றம். அந்தப் பெயரை வாயால் சொல்வதுகூட இங்கே பண்பாடு இல்லை. ‘வடக்கே இருக்கும் அந்த அணி’ என்றுதான் சொல்ல வேண்டும். 1951 முதல் 1978 வரை இங்கே பயிற்சியாளராக இருந்த உட்டி ஹேய்ஸின் வாய்மொழி அது. அவர் போய்விட்டார், வழக்கம் போகவில்லை.

நான் பிழைக்க வந்தவன். வந்த ஊரில் எதற்குப் பயப்படுகிறார்களோ அதற்கு நானும் பயப்படுவதுதான் மரியாதை என்று நினைப்பவன். ஆனால் 2024இல் எதற்காகப் பயந்தோம் என்பது இன்றுவரை புரியவில்லை. ஒஹாயோ ஸ்டேட் 10 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்று, நாட்டில் இரண்டாவது இடத்தில் இருந்தது. மிஷிகன் ஆறில் வென்று ஐந்தில் தோற்று, தரவரிசைப் பட்டியலிலேயே இல்லை. ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் ஜெயிப்போம் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அதுவும் எங்கள் சொந்த மைதானத்தில். அந்த வாரம் அலுவலகத்தில் ஒருவர் முகத்திலும் களை இல்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை வைத்திருக்கும் அணி, அதை ஏந்தி ஓடியோ வீசிப் பிடித்தோ, நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு நான்கு முயற்சி கிடைக்கும். தடுக்கும் அணியில் 11 பேர். அவர்களில் யார் யாருக்கு எதிரே நிற்பது என்பதுதான் விவாதம். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஜாதகத்தைப் பரப்பி வைத்துக்கொள்வதுபோல ரசிகர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். உயரம் பொருந்துகிறதா? எடை பொருந்துகிறதா? 40 கெஜத்தை ஓட எத்தனை விநாடி? முழங்காலில் ஏதேனும் தோஷம் உண்டா? பையன் போன வருஷம் இதே ஆட்டத்தில் எப்படி நடந்துகொண்டான்?

அந்த வருஷத்துக் கேள்வி ஒன்றே ஒன்று: ஜெரமையா ஸ்மித்தை யார் பிடிப்பது? எங்கள் அணியின் முதலாண்டு மாணவர். பந்தை எங்கே வீசினாலும் அங்கே அவருடைய ஒரு கை முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். அவரைப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் மிஷிகனின் கார்னர்பேக் வில் ஜான்சன். அவருக்கோ கால்விரலில் காயம், வாரக்கணக்காக ஆடவில்லை. லட்சக்கணக்கான மக்கள் வாழும் ஒரு மாநிலத் தலைநகரம் முழுவதும் எதிரி ஒருவரின் கால்விரல் குணமாகிவிட்டதா என்று கவலைப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

மதிய உணவு மேசையில் உப்புக் குப்பி ஸ்மித். மிளகுக் குப்பி கார்னர்பேக். நான்கைந்து தக்காளி சாஸ் பொட்டலங்கள் லைன்பேக்கர்கள். எல்லோருக்கும் பின்னால் காவலுக்கு நிற்கும் சேஃப்டி என்கிறவருக்கு ஆள் குறைந்ததால், என் டிபன் டப்பாவிலிருந்த ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் காவல் போட வேண்டும் என்றது ஒரு கட்சி. இடத்துக்குக் காவல் போட்டுவிட்டு வருகிறவனைப் பிடிக்க வேண்டும் என்றது மற்றொரு கட்சி. விவாதம் சூடுபிடித்த நேரத்தில் பசி தாங்காத ஒருவர் மிஷிகனின் லைன்பேக்கரைப் பிரித்து உருளைக்கிழங்கின்மேல் பிழிந்துகொண்டார். உடனே அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டதென்று ஊறுகாயை முன்னால் நகர்த்தினார்கள்.

கவனித்திருப்பீர்கள். இவர்கள் அத்தனை பேரும் ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள். அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்தது மிஷிகனுக்கான தடுப்புத் திட்டம். எதிரிக்குப் போக்கிடம் இல்லையே என்று இவ்வளவு மனமுருகி வேலை செய்த விரோதிகளை வேறெங்கும் காண முடியாது.

கணக்குப் பிரிவில் ஓர் அம்மாள் இருக்கிறார். பிறந்ததிலிருந்து கொலம்பஸ். அதிகம் பேசமாட்டார். அவர் சூப்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும், நடுவிலே அந்த ரெண்டு பேரை யார் தள்ளுவா?”

அந்த இரண்டு பேர் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். மிஷிகனின் டிஃபென்ஸிவ் டேக்கிள்கள். இருவரையும் சேர்த்து நிறுத்தால் ஏறக்குறைய 300 கிலோ. எங்கள் பக்கம் அவர்களைத் தாங்க வேண்டிய முன்வரிசையில் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். நடுவில் நிற்கும் சேத் மெக்லாஃப்லினுக்கு நவம்பரில் குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. அம்மாள் கேட்டது ஆட்டத்தின் ஆணிவேரையே. ஆனால் மேசையில் டிஃபென்ஸிவ் டேக்கிளுக்குத் தோதான சாமான் எதுவும் இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை. முன்வரிசைக் கனவான்களின் விதி எப்போதும் இதுதான். காலம் முழுக்க முட்டி மோதுவார்கள், பந்து கைக்கு வராது, பேச்சிலும் வராது.

இந்தப் பொருத்தம் பார்க்கும் சாஸ்திரத்தின் லட்சணத்தைச் சரித்திரத்தில் பார்க்கலாம். 1950இல் இதே மைதானத்தில் பனிப்புயலுக்கு நடுவே ஆடினார்கள். இரண்டு அணியும் சேர்ந்து 45 முறை பந்தை உதைத்து எதிராளியிடமே கொடுத்துவிட்டன. மிஷிகன் ஒரே ஒருமுறைகூட அந்த 10 கெஜத்தை எட்டவில்லை. 9-3 என்று ஜெயித்தது. 2006இல் முதலிடமும் இரண்டாமிடமும் மோதின. மிஷிகனின் ஓட்டத் தடுப்பு நாட்டிலேயே தலைசிறந்தது என்று பேசிப் பேசி வாய் வலித்தது. கிறிஸ் வெல்ஸ் 52 கெஜம், ஆண்டோனியோ பிட்மன் 56 கெஜம் என்று அதே தடுப்புக்குள் புகுந்து ஓடினார்கள், 42-39 என்று வென்றோம். 2022இல் மிஷிகன் ஓடியே கொல்லும் என்று பயந்து ஓட்டத்தை அடைத்தோம். அவர்கள் 69 கெஜமும் 75 கெஜமுமாகத் தூக்கி வீசினார்கள். சரி, வீச்சைக் கவனிப்போம் என்று திரும்பினோம். டானவன் எட்வர்ட்ஸ் கடைசிக் கால்பகுதியில் 75, 85 என்று ஓடிவிட்டார். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் இந்தச் சம்பவங்களை எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, மறுமூச்சில், “ஆனா இந்த வருஷம் விஷயம் ஸ்மித்தை யார் பிடிக்கிறாங்கிறதுதான்” என்றார்.

நவம்பர் 30, நண்பகல். உறைபனிக் குளிரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். வில் ஜான்சன் ஆடவில்லை. அப்படியானால் ஸ்மித்துக்குப் பந்தை வீசிக்கொண்டே இருக்கலாம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் எங்கள் அணி பந்தை ஏந்தி ஓடும் குவின்ஷான் ஜட்கின்ஸையும் ட்ரெவியான் ஹெண்டர்சனையும் நேரே நடுவில், அந்த 300 கிலோவை நோக்கி அனுப்பிக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க ஓடிச் சேர்த்தது 77 கெஜம். ஸ்மித் இடைவேளைக்கு முன் ஒரு டச்டவுன் பிடித்தார். அணிக்கு அன்று அது ஒன்றுதான். மிஷிகனின் வீச்சுக்காரரும் அப்படியொன்றும் சாதிக்கவில்லை. ஆட்டம் முழுவதும் வீசிச் சேர்த்தது 62 கெஜம், எங்கள் ஆட்கள் கையில் இரண்டுமுறை பந்தைக் கொடுக்கவும் செய்தார். எங்கள் உதைக்காரரோ இரண்டு வாய்ப்பைக் கோட்டைவிட்டார். 45 விநாடி மிச்சமிருக்கையில் அவர்களுடைய உதைக்காரர் 21 கெஜத்திலிருந்து தட்டிவிட்டார். 13-10 என்று தோற்றோம்.

ஒரு வாரமாக உப்பு, மிளகு வைத்து நாங்கள் தேடிய கேள்விக்குப் பயிற்சியாளர்கள் கண்ட விடை எளிமையானது. ஸ்மித்தை யாரும் பிடிக்க வேண்டாம், அவர் பக்கம் பந்தை அதிகம் அனுப்பாமல் இருந்தால் போதும்.

ஆட்டம் முடிந்ததும் மிஷிகன்காரர்கள் தங்கள் கொடியைக் கொண்டுபோய் மைதானத்தின் நடுவில் நடப் பார்த்தார்கள். அடிதடியாகிப் போலீஸ் மிளகுத் தெளிப்பான் அடித்தது. அன்றைக்குப் பொருத்தம் ஒழுங்காக அமைந்த ஒரே மோதல் அதுதான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லோரும், “நடுவிலே உதைபடும்னு நான் அப்பவே சொன்னேனே” என்றார்கள். உண்மையில் சொன்ன அம்மாள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என்று வீழ்த்தி ஒஹாயோ ஸ்டேட் தேசியச் சாம்பியன் ஆயிற்று. வாழ்த்தப் போனால், “எல்லாம் சரிதான், ஆனா நவம்பர்லே...” என்று தொடங்கினார் பெரியவர்.

அவர் முகம் தெளிந்தது ஏப்ரலில்தான். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், ஒஹாயோவின் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் ஐந்தாவது ஆளாக மேசன் கிரஹாமை எடுத்தது. மறுநாள், அவர்மேல் முட்டிக்கொண்டே இருந்த ஜட்கின்ஸையும் எடுத்தது. பெரியவர் பிறவி பிரௌன்ஸ் ரசிகர். பிரௌன்ஸுக்குப் பிட்ஸ்பர்க் அணிதான் பரம எதிரி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“நம்ம பையன் கிரஹாம் இருக்கானே,” என்றார், “அவனைத் தள்ளுறதுக்குப் பிட்ஸ்பர்க்லே யார் இருக்கா, சொல்லு பாப்போம்?”