பட்டா ஆரு பேருல கண்ணு?

கப்பல் டிக்கெட்டைப் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கறே கண்ணு, பாத்தேன். டெக்சாஸ்ல கால்வெஸ்டன் துறைமுகத்துல ஏறி, மெக்சிகோவுல கோசுமெல், புரோகிரெசோன்னு ரெண்டு ஊரைச் சுத்திட்டு அஞ்சு நாள்ல திரும்பறியாமா. நீச்சல்குளம், சினிமாக் கொட்டாய், நடுச்சாமத்துலயும் சோறு. நெம்பச் சந்தோசம். அதுக்குக் கீழ ஒரு வரி எழுதியிருக்கறே பாரு, "கிரீன் கார்டு இருக்குதே அப்புச்சி, பாஸ்போர்ட் எதுக்குங்க"ன்னு. அதைப் படிச்சப்பறம் உம்பட எம்.எஸ். படிப்பு மேல எனக்கு மரியாதை ரெண்டு மடங்கு ஆயிருச்சு. இப்பிடி ஒரு நம்பிக்கை படிச்சவனுக்குத்தான் வரும்.

நான் மணியக்காரனா இருந்தவன். 1980-ல எம்.ஜி.ஆர். சர்க்கார் அந்த வேலையவே எடுத்துப் போட்டுருச்சு. ஆனா ஒரு காயிதம் கையில வந்தா அடியில ஆரு கையெழுத்து, மேல எந்தத் தேதின்னு பாக்கற புத்தியை எந்தச் சர்க்காராலயும் எடுக்க முடியலை. நீ அனுப்பின கிரீன் கார்டு போட்டோவையும் செல்போன்ல பெருசு பண்ணிப் பாத்தேன். அதுல இருக்கறதைச் சொல்றேன், கேட்டுக்க.

நீ அங்க காலத்துக்கும் குத்தகைக்காரன். உழுகலாம், வெதைக்கலாம், ஊடு கட்டலாம், வரி கட்டலாம். வரி மட்டும் பட்டாதாரனுக்குச் சமமாக் கட்டலாம், அதுல பாகுபாடே கெடையாது. ஆனாப் பட்டா உம்பேருல இல்லை. உம்பட பேருல இருக்கற பட்டா, இந்திய சர்க்கார் குடுத்த அந்த நீலப் புஸ்தகம்தான். கார்டு எதுக்குன்னா, வெளிய போயிட்டு அமெரிக்காவுக்குள்ள திரும்பி வர்றதுக்கு. அந்த ஒரு வேலைக்கு அது போதும், பாஸ்போர்ட்டைக் கொண்டான்னு அமெரிக்க அதிகாரி உன்னைக் கேக்க மாட்டான். ஆனா மெக்சிகோக்காரன் பார்வையில நீ ஹியூஸ்டன்காரன் இல்லை கண்ணு, அசல் கோயமுத்தூர்க்காரன். கார்டு இருந்தா 180 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு அவன் பெருந்தன்மையாச் சொல்றான், வாஸ்தவம். ஆனா அந்தக் கார்டைப் பாஸ்போர்ட்டோட சேர்த்துத்தான் பாக்கறான்.

அப்பறம் இந்த "பாஸ்போர்ட் வேண்டாம்"கற பேச்சு எங்கிருந்து வந்துச்சு? உம்பட ஆபீஸ்ல பக்கத்து நாற்காலிக்காரன் சொல்லியிருப்பான். அவன் பொய் சொல்லலை. கிளம்பின அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்பி வர்ற கப்பலா இருந்தா, அந்த நாட்டுக் குடிமகன் பொறப்புச் சர்ட்டிபிகேட்டையும் போட்டோ போட்ட ஒரு சர்க்கார் அட்டையையும் காட்டிட்டு வந்துரலாம்னு ஒரு சலுகை இருக்குது. அந்தச் சலுகை அவனுக்கு. நீ அவன் பக்கத்துல உக்காந்திருக்கறே, அவ்வளவுதான்.

இப்ப உம்பட குடும்பத்தையே வரிசையா நிறுத்திப் பாரு. சின்னவன் ஹியூஸ்டன் ஆஸ்பத்திரியில பொறந்தவன், குடிமகன். வயசு எட்டு. பொறப்புச் சர்ட்டிபிகேட் ஒண்ணைக் காட்டிட்டு ஐஸ்கிரீமைச் சப்பிட்டே ஏறிருவான். அவனைப் பெத்து, பீசு கட்டி, டிக்கெட்டுக்குக் காசும் குடுத்த நீ பாஸ்போர்ட்டு, கார்டுன்னு ரெண்டையும் நீட்டிட்டு நிக்கோணும். அப்பனை விட மகன் ஒசத்திங்கறதை நம்மூருல கல்யாணத்துக்கப்பறம்தான் சொல்லுவாங்க, அமெரிக்காவுல எட்டு வயசுலயே சொல்லிப் போடறாங்க.

இருந்தாலும் சின்னவனுக்கும் பாஸ்போர்ட் எடுத்துரு. ஏன்னு சொல்றேன். சர்ட்டிபிகேட் சலுகை கப்பல்ல திரும்பி வந்தாத்தான். கோசுமெல்லுல இறங்கிக் கடைகண்ணி பாத்துட்டு நீங்க வர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சுன்னா, இல்லை பையனுக்கு வயித்து வலின்னு அங்க ஆஸ்பத்திரியில படுத்துட்டான்னா, அப்பறம் ஊடு திரும்பறது விமானத்துலதான். விமானத்துக்குப் பாஸ்போர்ட் வேணும். ஐஸ்கிரீம் சாப்பிட்ட குடிமகன் தூதரகத்து வாசல்ல நிப்பான், கூடத் தொணைக்கு நீ நிப்பே.

மூத்தவ நம்மூருல பொறந்தவ, அவளுக்கும் உன்னாட்டவே கார்டு. அவளுக்குப் பதினாலு நடக்குதுன்னு உங்கம்மா சொன்னா. சீர் என்ன செய்யறதுன்னு நாங்க இங்க ரோசனை பண்ணிட்டு இருக்கறோம். அங்க சர்க்கார் வேற சீர் கேக்குது. பதினாலு முடிஞ்ச முப்பது நாளுக்குள்ள ஐ-90ங்கற பாரத்தைப் போட்டு, கைரேகை குடுத்து, கார்டை மாத்திக்கோணும். கேக்கு வெட்டற அவசரத்துல இதை மறந்துராதே.

உம்பட கார்டுத் தேதியையும் பாத்துக்க. பத்து வருசத்துக்கு ஒருக்கா அதைப் புதுப்பிக்கோணும். தேதி முடிஞ்சு போச்சுன்னா, புதுப்பிக்க மனுப் போட்ட ரசீதை அந்தப் பழைய கார்டோட வெச்சுக்கிட்டா, கார்டுல இருக்கற தேதியிலிருந்து இன்னும் 36 மாசம் செல்லும்னு 2024 செப்டம்பர்ல அறிவிச்சிருக்கறாங்க. அமெரிக்கக் கணக்குக்கு அது சரி. கப்பல் கம்பெனி அந்தத் தாளை ஒத்துக்குமாங்கறது வேற பழமை. கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே அவங்களைக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்க. வாய்ச்சொல்லை நம்பி வரப்பைத் தாண்டினவன் எத்தனை பேரு எம்பட சாவடித் திண்ணையில வந்து உக்காந்தான்னு எனக்குத்தான் தெரியும்.

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கோணும். துறைமுகத்துல கம்பெனிச் சட்டை போட்டுட்டு ஒரு சின்னப் புள்ளை நிக்கும், "வெல்கம்"னு சிரிக்கும். பூசாரி அந்தப் புள்ளைதான். சரியான காயிதம் இல்லாத ஆளை ஏத்திட்டு வந்தாச் சர்க்கார் கம்பெனிக்கு அபராதம் போடுது. ஆனதால அதிகாரியை விடக் கம்பெனிக்காரன்தான் கறாரு. பாஸ்போர்ட்ல ஆறு மாசமாவது பாக்கி இருக்கோணும்பான். அசல் எங்கேம்பான். செல்போன்ல இருக்கற போட்டோவைக் காட்டுனா அதே சிரிப்போட ஓரமா நிக்கச் சொல்லும் அந்தப் புள்ளை. கப்பல் போறதை அங்கிருந்து நல்லாப் பாக்கலாம், டிக்கெட் காசுக்கு அந்த ஒரு காட்சிதான்.

அடுத்தது பேரு. உம்பட பாஸ்போர்ட்ல வெறும் கதிர்வேல். குடும்பப் பேருங்கற கட்டம் காலி. நம்மூருல ஆருக்கு இருக்குது குடும்பப் பேரு? அப்பன் பேருல ஒரு எழுத்தை முன்னால வெச்சோம், பொழப்பு ஓடிருச்சு. அமெரிக்காக்காரன் விசா அடிக்கறப்ப அந்த ஒத்தப் பேரைத் தூக்கிக் குடும்பப் பேரு கட்டத்துல போட்டுட்டு, முதல் பேரு கட்டத்துல எஃப்.என்.யூ.ன்னு மூணெழுத்து அடிச்சு வெச்சான். முதல் பேரு தெரியாதவன்னு அர்த்தமாமா. ஊரைக் கூட்டி, கெடா வெட்டி, உங்காதுல மூணு தடவை சொன்ன பேரு அவனுக்குத் தெரியலை. போகட்டும். இப்ப என்ன ஆச்சுன்னா, கார்டுல எஃப்.என்.யூ. கதிர்வேல், பாஸ்போர்ட்ல கதிர்வேல், உம்பட சம்சாரம் அம்மிணி ஆசையா எடுத்த கப்பல் டிக்கெட்ல கதிர்வேல் சுப்பிரமணியம். மூணு ஆளு, ஒரே ரூமு! பயணிங்க பட்டியலைக் கப்பல் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சர்க்காருக்கு அனுப்பியாகோணும்னு விதி. அதுல போற பேரு உம்பட காயிதத்துல இருக்கற பேராட்ட இருக்கோணும். இன்னைக்கே போன் போட்டு மாத்தச் சொல்லு. அம்மிணியைத் திட்டாதே, மாமனார் பேரை அவ மரியாதையாத்தான் போட்டிருக்கறா.

உங்கம்மாளையும் கூட்டிட்டுப் போறேங்கறே, நல்ல புத்தி. ஆனா அவளுக்கு இந்தக் கார்டு கெடையாது, சுற்றுலா விசா. கப்பல்ல வெளிய போனாலும் அது நாட்டை விட்டுப் போனதுதான். திரும்பி வர்றதுக்கு விசா பல தடவை நுழையற மாதிரி இருக்கோணும், தேதியும் இருக்கோணும். அதைப் பாக்காமப் போயி, எம்மகளை மெக்சிகோவுல விட்டுட்டு வந்தியோ, எனக்கும் உனக்கும் ஒறம்பரையே இல்லை.

அடுத்த வருசம் அலாஸ்காங்கறே. அலாஸ்கா அமெரிக்காதானே, அதுக்கென்னத்துக்குப் பாஸ்போர்ட்டுன்னு மறுபடி ஆரம்பிச்சுராதே. 1886-ல அந்த நாட்டுல ஒரு சட்டம் போட்டாங்க. வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல், அமெரிக்காவுல ஒரு துறைமுகத்துல ஆளை ஏத்தி அங்கயே இன்னொரு துறைமுகத்துல இறக்கக் கூடாது, வேற நாட்டையும் தொட்டுட்டுத்தான் சுத்தி வரோணும். ஆனதாலதான் சியாட்டில்ல கிளம்பற அலாஸ்காக் கப்பலுக வழியில கனடாவுல விக்டோரியாங்கற ஊருல ஒரு நேரம் நின்னுட்டு வருது. நீ கீழ இறங்காமத் தூங்குனாலும் கணக்குக்குக் கனடா வந்தது வந்ததுதான். உன்னாட்டக் கார்டுக்காரங்களுக்குக் கனடா விசா வேண்டாம். ஆனா 2022 ஏப்ரல் 26-லிருந்து, சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கார்டும் ரெண்டும் கையில இருக்கோணும்னு சொல்லிட்டாங்க.

அமெரிக்காவுல கிளம்பற கப்பலுக்கு எதுக்கு வெளிநாட்டுக் கொடின்னு கேப்பே. அதுதான் வேடிக்கை. அந்தப் பெரிய பெரிய கப்பல்ல பலதும் பனாமாவுலயும் பகாமாஸ்லயும் பதிவு பண்ணுனது. பொழப்பு மியாமியில, காயிதம் பனாமாவுல. நீ ஏறப் போற கப்பலும் உன்னாட்டத்தான் கண்ணு. ஆனா அது காயிதத்தை ஊட்டுல வெச்சுட்டு வர்றதில்லை.

ஐரோப்பாவுக்குப் போயி அங்க கப்பல்ல ஏறோணும்னு ஆசை வந்தா, கார்டை மடிச்சுப் பையில வெச்சுக்க, அங்க அது பேசாது. ஷெங்கன்னு 29 நாடு சேர்ந்து ஒரே விசா குடுக்கறாங்க. அதை நீ வாங்கித்தான் ஆகோணும். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது. பார்சிலோனாவுல ஏறி, துருக்கியில ஒரு நாள் நின்னு, கிரேக்கத்துல இறங்குற கப்பல்னா, துருக்கிக்குப் போனப்பவே ஷெங்கனை விட்டு வெளிய போயிட்டே. கிரேக்கத்துல கால் வெக்கறது ரெண்டாம் நுழைவு. ஒத்த நுழைவு விசா வாங்கியிருந்தா, கிரேக்கத்தைக் கப்பல் மேல நின்னு கும்புட்டுக்கலாம். இங்கிலாந்து அந்தக் கூட்டத்துல சேர்த்தி இல்லை. சவுத்தாம்ப்டன்ல இறங்கோணும்னா அதுக்குத் தனி விசா.

வெளிநாட்டுல கார்டு தொலைஞ்சு போச்சுன்னா? தொலைக்காதே. மீறித் தொலைச்சா, அங்கிருக்கற அமெரிக்கத் தூதரகத்துல ஐ-131ஏங்கற பாரத்தைப் போட்டு, காசு கட்டி, விமானம் ஏற அனுமதிச் சீட்டு வாங்கோணும். கோசுமெல் கடற்கரையில கால் நனைக்கற சோக்குல கார்டு வெச்ச டவுசரோடவே தண்ணிக்குள்ள இறங்கினா, கடலுக்கு நீ நிரந்தரவாசி ஆயிட்டேன்னு அர்த்தம்.

வேலையை விட்டுட்டு உலகம் சுத்தறவங்களும் இருக்கறாங்க. 2023 டிசம்பர்ல மியாமியில கிளம்பின ஒரு கப்பல் 274 ராத்திரி சுத்துச்சு. அந்த ஆசை உனக்கு வேண்டாம். கார்டுக்காரன் ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தாக் குடியுரிமைக் கணக்குல கேள்வி வரும். ஒரு வருசம் தாண்டினாக் கார்டு மட்டும் காட்டித் திரும்ப முடியாது, போறதுக்கு முன்னாடியே மறுநுழைவு அனுமதி வாங்கியிருக்கோணும். குத்தகைக்காரன் நெலத்தைத் தரிசாப் போட்டுட்டுப் போனா ஊருக்குள்ள என்ன பேசுவாங்களோ, அதேதான்.

இத்தனை ரோதனை எதுக்கு, பேசாமக் குடிமகனாவே ஆயிரலாம்னு உனக்குத் தோணும். ஆகு, நான் தடுக்கலை. கார்டு வாங்கி அஞ்சு வருசம் ஆகி, அதுல முப்பது மாசம் அங்க இருந்திருந்தா என்-400 பாரத்தைப் போடலாம். அது தேறினப்பறம் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினா நீயும் பட்டாதாரன். ஆனா இந்திய சர்க்கார் ஒரு ஆளுக்கு ரெண்டு பட்டா குடுக்கறதில்லை. நீலப் புஸ்தகத்தை ஒப்படைச்சுட்டு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கலாம். அதை வெச்சு இங்க வரலாம், இருக்கலாம், ஊடு வாங்கலாம். வெவசாய பூமி மட்டும் வெலைக்கு வாங்க முடியாது. வாரிசா வந்தா வெச்சுக்கலாம்.

இதை நல்லாப் புரிஞ்சுக்க கண்ணு. நம்ம தோட்டம் ரெண்டே முக்கால் ஏக்கரா, கெணத்துல தண்ணி இருக்குது, தென்னை காய்க்குது. நீ அமெரிக்கன் ஆனப்பறம் கோடி ரூபா கொண்டாந்து நீட்டினாலும் என்கிட்டருந்து அதை வாங்கச் சட்டம் எடம் குடுக்காது. நான் உயில் எழுதினாத்தான் உண்டு. பத்திரம் எழுதறவங்கிட்ட இன்னும் பேசலை. பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சியான்னு உங்கம்மா போன் பண்ணிச் சொல்லட்டும், அப்பறம் பேசறேன்.