மருமவனே, மாட்யூல் எங்கயும் போகலை

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. உங்கம்மா இப்பத்தான் வந்து பொலம்பிட்டுப் போறா. "அண்ணே, அவன் கம்ப்யூட்டர்ல என்னத்தையோ காணலையாம், காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல"ங்கா. தாலிச்சங்கிலியோ நிலப்பத்திரமோ தொலைஞ்சுட்டுன்னு எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிட்டு. கடைசியில பாத்தா மாட்யூல்! அது எங்கயும் போகலைலே. பைத்தான் தேடுன எடத்துல அது இல்ல, அவ்வளவுதான் சங்கதி.

கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆன கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு ஓரக்கண்ணால பாக்காதே. நம்ம ஊர்ப் பிள்ளையளுக்குப் பன்னெண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துலயே பைத்தானைக் கொண்டாந்து வச்சுட்டாங்க. சாயங்காலம் ட்யூஷனுக்கு வார பிள்ளையளுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னா நான் படிச்சுத்தானே ஆவணும்? ஒனக்கு அதுக்குச் சம்பளம் வருது, எனக்குப் பென்ஷன் வருது. எர்ரர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் வருது.

நீ வாட்ஸ்அப்புல அனுப்புன போட்டோவை மொதல்ல பேசுவோம். ஸ்கிரீனைச் சாய்ச்சு எடுத்திருக்கே. மேல இருக்க வரியெல்லாம் பளிச்சுனு தெரியுது, டீ கிளாஸ் தெரியுது, ஒன் பெருவிரல் தெரியுது. கடைசி வரி மட்டும் இல்ல. பைத்தான் வாயைத் தொறந்து சொல்லுதது அந்த ஒரு வரியைத்தான்லே. டிரேஸ்பேக்குக்குத் தலைமாட்டுலயே 'மோஸ்ட் ரீசன்ட் கால் லாஸ்ட்'னு எழுதிப் போட்டிருக்கான். கீழ இருந்து மேல படிக்கணும். நீ மேல இருந்து ஆரம்பிச்சு, பாதியில பயந்து, போனை எடுத்துட்டே.

அந்த வரியில 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எர்ரர்'னு இருக்கா, 'இம்போர்ட் எர்ரர், கேனாட் இம்போர்ட் நேம்'னு இருக்கான்னு பாரு. 2016 டிசம்பர்ல பைத்தான் 3.6 வார வரைக்கும் எல்லாத்துக்கும் இம்போர்ட் எர்ரர்னு ஒரே பேருதான் இருந்துச்சு. அப்புறம் பிரிச்சு விட்டாங்க. மொதலாவது வந்தா மாட்யூலே கண்ணுல படலைன்னு அர்த்தம். ரெண்டாவது வந்தா மாட்யூல் ஆப்பிட்டுட்டு, நீ கேட்ட பேரு உள்ள இல்லைன்னு அர்த்தம். மொதலாவது வந்தாலும் நீ பிப் இன்ஸ்டால் பண்ணுதே. ரெண்டாவது வந்தாலும் பிப் இன்ஸ்டால் பண்ணுதே. நாளைக்குத் தலைவலி வந்தாலும் அதைத்தான் பண்ணுவே போல.

அதுலயும் பிப் என்ன சொல்லிச்சு? 'ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்.' ஏற்கெனவே இருக்குங்குது. பைத்தானைக் கேட்டா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது. ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு என்கிட்ட பஞ்சாயத்துக்கு வந்து நிக்கே. ரெண்டுமே உண்மைதாம்லே சொல்லுது. ஒன் லேப்டாப்புல பைத்தான் தளத்துல இருந்து எறக்குனது ஒண்ணு கிடக்கு. அனகோண்டா போட்டப்ப கூடவே வந்தது ஒண்ணு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல தெரியாம அமுக்கி வந்தது இன்னொண்ணு. ஒரு மனுசனுக்கு எதுக்குடா இத்தன பைத்தான்? ஒண்ணோட பிப்பை வச்சு ஒண்ணுக்குள்ள போட்டுட்டு, இன்னொண்ணை ஓட்டி 'காணலையே காணலையே'ன்னு கூப்பாடு போடுதே.

எந்தப் பைத்தான் ஓடுதுன்னு அதுகிட்டயே கேளு. இம்போர்ட் சிஸ், பிரிண்ட் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள். முழு முகவரியையும் கக்கிரும். ஜூப்பிட்டர் நோட்புக்குக்குள்ள வேலை பாக்கேன்னா அங்கயும் ஒரு செல்லுல இதையே போட்டுப் பாரு. டெர்மினல்ல சொல்லுத பதிலும் அங்க சொல்லுத பதிலும் வேற வேறயா இருந்தா ஒன் வழக்கு அங்கனயே தீந்துரும். அப்புறம் மொட்டையா 'பிப் இன்ஸ்டால்'னு அடிக்கத வுடு. 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்'னு அடி. நீ எந்தப் பைத்தானைக் கூப்பிடுதியோ அதுக்குள்ளயே போய் விழும். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனியா ஒரு வென்வ், அதாவது அதுக்குன்னே ஒரு தனி பைத்தான் அறை, போட்டுக்கோ. 2012-ல வந்த 3.3-லயே அதைக் கூடவே கொடுத்துட்டாங்க. போட்டா மட்டும் போதாது, ஆக்டிவேட் பண்ணணும். நீ போட்டுட்டு அப்படியே வச்சிருக்கே. சாமி கும்பிடவா?

லினக்ஸ்ல இருக்கவன் கதை இன்னும் கூத்து. 2023-ல வந்த டெபியன் 12-ல இருந்து, சிஸ்டத்தோட பைத்தானுக்குள்ள பிப் கையை வச்சா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்'னு தள்ளி வுட்டுருது. ஆப்பரேட்டிங் சிஸ்டமே அந்தப் பைத்தானை நம்பித்தான் பல வேலை பாக்கு, அதுல நீ கிண்டாதேன்னு அர்த்தம். உடனே ஒன் கூட்டாளி ஒருத்தன் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'ங்கிற ஆப்ஷனைச் சேத்து அடிச்சுட்டு, சிஸ்டம் உடைஞ்சு போச்சேன்னு அழுதான். இதுக்கு மேல எப்படிலே எச்சரிக்கை பண்ணுவான் மனுசன்?

சரி, இப்ப ஒன்னோட அடுத்த வழக்குக்கு வாரேன். நீ போட்டது இம்போர்ட் ராண்டம். தாயம் உருட்டுத மாதிரி ஒண்ணுல இருந்து ஆறுக்குள்ள ஒரு நம்பர் எடுக்கணும். அது பைத்தானோட கூடவே வார சாமான், பிப்பே வேண்டாம். அப்படியும் 'ராண்டம்ல ராண்டின்ட் இல்ல'ங்குது. ஒன் ஃபைலுக்கு என்ன பேரு வச்சிருக்கே? மொகத்தைத் திருப்பாதே, சொல்லு. ராண்டம்.பை! சபாஷ்.

இம்போர்ட்னு சொன்ன ஒடனே பைத்தான் உலகம் பூராம் தேடாதுலே. மொதல்ல சிஸ்.மாட்யூல்ஸ்ல, அதாவது ஏற்கெனவே ஏத்தி வச்சிருக்க பட்டியல்ல, இருக்கான்னு பாக்கும். அப்புறம் தனக்குள்ளயே சேத்துத் தைச்சிருக்க மாட்யூலான்னு பாக்கும். அதுக்கப்புறம்தான் சிஸ்.பாத்ங்கிற பட்டியலை எடுத்து வரிசையா ஒவ்வொரு ஃபோல்டராத் தட்டும். அந்தப் பட்டியல்ல மொத எடம் யாருக்கு? நீ ஓட்டுத ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கோ அதுக்கு. நீ நிக்க ஃபோல்டருக்கு இல்ல, ஸ்கிரிப்ட் கிடக்க ஃபோல்டருக்கு. இதைப் பலபேரு மாத்தி நெனச்சுக்கிட்டு அலையுதான். அடுத்து பைத்தான்பாத்னு நீ ஏதாவது எழுதி வச்சிருந்தா அது. பெறவு ஸ்டாண்டர்ட் லைப்ரரி. கடைசியிலதான் பிப் கொண்டாந்து போடுத சைட்-பேக்கேஜஸ்.

நம்ம தெருவுல நின்னு "இசக்கி"ன்னு ஒரு சத்தம் குடுத்துப் பாரு. கெழக்கே இருக்க எலெக்ட்ரீஷியன் இசக்கி வரணும்னுதான் நீ கூப்பிட்டிருப்பே. ஆனா பக்கத்து வீட்டு இசக்கி, ஒண்ணாங்கிளாஸ் படிக்கது, அதுதான் மூக்கை ஒழுக்கிக்கிட்டு மொதல்ல ஓடி வரும். அதுகிட்ட ஃபேன் ரிப்பேர் பண்ணச் சொன்னா எங்கன போவும்? ஒன் ராண்டம்.பை அந்தச் சின்ன இசக்கிதான். அதுக்குள்ள ராண்டின்ட் எங்க இருக்கும்?

3.8-ல இருந்து இதுக்கு 'பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல், சர்குலர் இம்போர்ட்டா இருக்கலாம்'னு ஒரு செய்தி வரும். ஒன் ஃபைல் தன்னையே இம்போர்ட் பண்ணிக்கிட்டு பாதியில நிக்குதுன்னு அர்த்தம். அதைப் படிச்சுட்டு நீ சர்குலர் இம்போர்ட் பத்தி ரெண்டு மணி நேரம் வீடியோ பாத்திருக்கே. அதுக்காகவோ என்னவோ, 2024 அக்டோபர்ல வந்த 3.13-ல நேராவே சொல்லிப்புட்டான்: இந்த ஃபைலோட பேரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூலோட பேரும் ஒண்ணா இருக்கு, பேரை மாத்துன்னு ஃபைல் எங்க கிடக்குங்கிறது மொதக்கொண்டு காட்டுது. வெர்ஷனை ஏத்துன்னு நான் சொன்னப்ப "பழசே நல்லாத்தான் ஓடுது மாமா"ன்னியே, நல்லா ஓடுச்சா?

ராண்டம் மட்டும்னு நெனைக்காதே. டர்ட்டில் படம் வரையுத பிள்ளை ஃபைலுக்கு டர்ட்டில்.பைன்னே வைக்கும். ஈமெயில் அனுப்பிப் பாக்கவன் ஈமெயில்.பைன்னு வைப்பான். அவ்வளவு ஆசையாப் பேரு வைக்கணும்னா ஒங்க அக்கா பிள்ளைக்கு வை, ஃபைலுக்கு வைக்காதே. சந்தேகம் வந்தா அந்த மாட்யூலோட டபுள் அண்டர்ஸ்கோர் ஃபைலை பிரிண்ட் பண்ணிப் பாரு, எந்த வீட்டுல இருந்து எந்திரிச்சு வந்ததுன்னு காட்டிக் குடுத்துரும். பேரை மாத்திட்டு, பைகேஷ் ஃபோல்டரையும் அழிச்சுட்டு, சூடம் பொருத்திச் சுத்திப் போடணுமான்னு கேப்பே. வேண்டாம். பைத்தான் 3-ல மூல ஃபைல் இல்லைன்னா பைகேஷ்ல கிடக்கதை அது சீண்டாது. பழைய பைத்தான் 2 காலத்துல பக்கத்துலயே பி.ஒய்.சி. ஃபைல் கிடந்து தொல்லை பண்ணும், அந்தப் பயம்தான் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு.

இதுல இன்னொரு கோட்டித்தனம். கடையில கேக்க பேரு ஒண்ணு, வீட்டுல கூப்பிடுத பேரு வேற. பில்லோவை இன்ஸ்டால் பண்ணிட்டு பி.ஐ.எல்.னு இம்போர்ட் பண்ணணும். ஓப்பன்சிவி-பைத்தானை வாங்கிட்டு சிவி2ன்னு கூப்பிடணும். சைக்கிட்-லேர்ன் உள்ள வந்ததும் எஸ்கேலேர்ன் ஆயிரும், பியூட்டிஃபுல்சூப்4 பிஎஸ்4 ஆயிரும். இதுக்கு ஒரு விதியும் கிடையாது, அந்தந்தப் பேக்கேஜோட பக்கத்துல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். காரணம் கேட்டா பில்லோவுக்கு மட்டும் சொல்லுவேன்: பழைய பைத்தான் இமேஜிங் லைப்ரரி நின்னு போனப்ப அதைப் பிரிச்சு எடுத்து நடத்துனவங்க, எழுதி வச்ச கோடெல்லாம் ஒடையக் கூடாதுன்னு உள்பேரை அப்படியே வுட்டுட்டாங்க. நல்ல மனசுதான். அவஸ்தை ஒனக்கு.

ஒன் ஆபீஸ் கோடையும் எட்டிப் பாத்தேன், கோவிச்சுக்காதே. ஃபைலுக்கு மேல சிஸ்.பாத்.அப்பெண்ட் போட்டு, ஒன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரோட முழு முகவரியையும் எழுதி வச்சிருக்கே. ஒன் லேப்டாப்புல ஓடும். சர்வர்ல ஒன் டவுன்லோட்ஸ் எங்கன இருக்கு? அதை அழிச்சுட்டு புள்ளி வச்சு 'ஃப்ரம் .ஹெல்பர்'னு எழுதச் சொன்னா, 'நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்'னு திட்டுதுங்கே. பேக்கேஜுக்கு உள்ள கிடக்க ஃபைலை நேரா ஓட்டுனா அதுக்குத் தன்னோட பேக்கேஜ் எதுன்னே தெரியாதுலே, புள்ளி எதைக் குறிக்கும்? ஒரு படி வெளிய வந்து நின்னு, 'பைத்தான் -எம்' போட்டு, பேக்கேஜ் பேரு, புள்ளி, மாட்யூல் பேரு. கடைசியில .பைன்னு ஒட்டாதே. ஒட்டுவே, எனக்குத் தெரியும்.

நெசமாவே சர்குலர் இம்போர்ட் வாரதும் உண்டு. நீ ஏ.பைக்குள்ள பி-யையும் பி.பைக்குள்ள ஏ-யையும் இழுத்தா, ஒண்ணு பாதி எழும்பும்போதே இன்னொண்ணு அதுகிட்ட சாமான் கேக்கும். ரெண்டுக்கும் பொதுவானதை மூணாவது ஃபைல்ல போட்டுரு. அவசரம்னா ஃபங்ஷனுக்குள்ள இம்போர்ட்டை எறக்கு. அதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்ல.

ஆனா ஒண்ணு, நீ எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணியும் 'டிஸ்ட்யூட்டில்ஸ் இல்ல'ன்னு ஒருநாள் வரும். நீ அதை எழுதவே இருக்க மாட்டே. கீழ இருந்து மேல படிச்சா, நீ இழுத்த ஏதோ ஒரு பழைய பேக்கேஜ் அதைத் தேடுதது தெரியும். 2023-ல வந்த 3.12-ல டிஸ்ட்யூட்டில்ஸை எடுத்துட்டாங்க, இம்ப்ங்கிற மாட்யூலும் கூடவே போயிட்டு. அந்தப் பழைய பேக்கேஜோட புது வெர்ஷன் இருந்தா போடு. இல்லைன்னா செட்டப்டூல்ஸ் போட்டா டிஸ்ட்யூட்டில்ஸுக்கு மட்டும் ஒரு மாத்து கெடைக்கும். 3.12-ல இருந்து புது வென்வுக்குள்ள செட்டப்டூல்ஸ் தானா வராது, நீதான் போடணும்.

கடைசியா இதைக் கேட்டுட்டுப் போ. பிப் சாமான் எடுக்குத கடையான பைபிஐ-ல யாரு வேணும்னாலும் பேக்கேஜ் ஏத்தலாம். 2017-ல ஸ்லோவாக்கியா நாட்டுத் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் அங்க போலி பேக்கேஜ்களைக் கண்டுபிடிச்சுது. யூஆர்எல்லிப்3-ங்கிற பேருல ஒரே ஒரு 'எல்' எழுத்தை முழுங்கிட்டு ஒண்ணு வச்சிருந்தான். அவசரத்துல தப்பா அடிச்சவன் கம்ப்யூட்டர்ல இருந்து யூசர் பேரையும் மெஷின் பேரையும் வெளிய அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நீ கையால அடிக்கதும் இல்ல, ஏ.ஐ.-யைக் கேட்டு அது சொன்னதை அப்படியே ஒட்டுதே. அது உலகத்துலயே இல்லாத பேக்கேஜுக்கும் வாய்கூசாமப் பேரு சொல்லும். எவனாவது அந்தப் பேரை முந்திப் பதிஞ்சு வச்சிருந்தா அதையும் நீ சந்தோசமா இன்ஸ்டால் பண்ணிக்கிடுவே. போடுததுக்கு முன்னால அந்தப் பேக்கேஜோட பக்கத்தைத் தொறந்து, யாரு ஏத்துனது, எப்ப ஏத்துனது, மூலக் கோடு எங்க இருக்குன்னு ஒரு கண்ணு பாத்துக்கோ. அதெல்லாம் முடியாது மாமான்னா ஒன் ஆபீஸ் லேப்டாப்புல என்ன கூத்து வேணும்னாலும் நடத்து. வீட்டு லேப்டாப்பை மட்டும் வுட்டுரு, ஈ.பி. பில்லும் கேஸ் புக்கிங்கும் நான் அதுலதான் பண்ணுதேன்.